பதினாறாவது சேனல்

உத்தரகோசமங்கை
3 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஜெயப்பிரியாவுக்கு அண்ணன் பூமிநாதன் எழுதுவது. இங்கே உன் மதினி கோகிலா நலம், மாடுகள் நலம், மிளகாய்ச் செடிகள் நலம். நான் மட்டும் வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறேன். உன் நலமும் மருமகள் மதுமதியின் நலமும் அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நினைப்பாய். என் போன், லேப்டாப், இரண்டு வாக்கி-டாக்கி எல்லாமே போன வியாழக்கிழமை போலீஸ் ஜீப்பில் ஏறிப் போய்விட்டன. உன் மதினி போனில் பேசலாம். ஆனால் அவள் பக்கத்திலேயே நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்திக்கொண்டிருப்பாள்.

நான் ஹாம் ரேடியோ என்கிற பொழுதுபோக்கு வானொலிக்கு லைசென்ஸ் வைத்திருப்பது உனக்குத் தெரியும். எதற்கு வைத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. ஹாம்களுக்கென்று செய்த புது செட் வாங்க மிளகாய் விலை இடம் கொடுக்கவில்லை. அதனால்தான், மண்டபம் பக்கம் மூடிப்போன ஒரு விடுதியின் காவல்காரர்கள் வைத்திருந்த பழைய வாக்கி-டாக்கி செட் இரண்டை வாங்கினேன். அந்த மாதிரிக் கம்பெனி செட்டில் நம் இஷ்டத்துக்கு அலைவரிசையைத் திருப்ப முடியாது. கம்ப்யூட்டரில் மாட்டி, பதினாறு சேனலுக்கும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். தேவிபட்டினம் மஹ்மூது பாயும் ஹாம்தான். அவர் வந்து முதல் பதினைந்தையும் நமக்கு அனுமதித்த அலைவரிசைக்கு மாற்றிக்கொடுத்தார். பதினாறில் மட்டும் விடுதியின் பழைய அலைவரிசையை நான் அழிக்க விடவில்லை.

காரணம் வேறென்ன, வாயும் காதும்தான். அந்த அலைவரிசையில் இப்போது கடலோரக் காவல் ஆட்கள் பேசுகிறார்கள். யார் லீவு கேட்டான், யார் வீட்டில் மாமியார் சண்டை என்று ஒரு ஊரே ஓடும். பாய் திட்டினார். "ஏலே பூமி, கேக்குறதே தப்பு. கை தவறிப் பேசிட்டீன்னா அல்லாதான் காப்பாத்தணும்." அதனால் பதினாறில் கேட்க மட்டும் முடியும், பேச முடியாது என்று, அவர் விட்டுப்போன கேபிளை வைத்து நானே மாற்றினேன். பொங்கலுக்கு நீ வந்தபோது உன்னிடமும் பீற்றிக்கொண்டேனே, "பதினாறுல நீ கத்துனாலும் காத்துக்குக்கூடக் கேக்காது" என்று. ஒரு செட்டில் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறேன். இன்னொன்றில் பேசும் பக்கத்தை அழிக்க மறந்திருக்கிறேன்.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் அந்த இன்னொரு செட்டிலிருந்து ஒரு பெண் கால் மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறாளாம். அழுதாளாம். யாரையோ படகில் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து, தொண்டியிலிருந்து பாம்பன் வரைக்கும் தேடியிருக்கிறார்கள். ஒவ்வொரு செட்டும் பேசும்போது தன் எண்ணையும் சேர்த்து அனுப்புமாம். அந்த எண்ணைப் பிடித்து, விடுதிக்காரனைப் பிடித்து, என்னைப் பிடித்தார்கள்.

"யாருய்யா அந்தப் பொம்பளை?" என்கிறார் சப்-இன்ஸ்பெக்டர் தங்கப்பாண்டி. தெரியாது என்றேன். நம்பவில்லை. உன் பாஸ்போர்ட்டில் இன்னும் நம் வீட்டு முகவரி என்பதால், அவர் மேசையில்தான் நீ மஸ்கட் போவதற்கான போலீஸ் நற்சான்றுக் கோப்பும் இருக்கிறது. உன் படத்தைப் பார்த்தேன், நன்றாக விழுந்திருக்கிறது.

அன்றைக்கு நீ ஒரு செட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாயே, பாட்டரி நின்றதா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்

*

திருச்சி
11 பிப்ரவரி

அண்ணன் அவர்களுக்கு ஜெயப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். மதுமதிக்குச் சளி, குறைந்துவிட்டது. உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை அத்தைதான் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். இனி என் பள்ளிக்கூட முகவரிக்கே எழுதுங்கள். போன் வேண்டாம். மதினி போனிலிருந்தும் வேண்டாம்.

பாட்டரி நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் பேசியதை அவர்கள் பதிவு செய்து வைத்திருப்பார்களா? வைத்திருந்தால் முழுவதுமா, கொஞ்சமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். உங்கள் மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து தினமும் நற்சான்று வந்துவிட்டதா என்று கேட்கிறார். ஏப்ரல் கடைசியில் டிக்கெட் போட வேண்டுமாம்.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
ஜெயப்பிரியா

*

உத்தரகோசமங்கை
16 பிப்ரவரி

அன்புள்ள பிரியாவுக்கு, ஆசிகள். மூட்டு வலியைப் பற்றிக் கேட்டாய். காவல் நிலையத்துப் பெஞ்சு அதற்கு நல்ல வைத்தியம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது.

மஹ்மூது பாயும் கூட வந்தார். அவரையும் இழுத்துவிட்டேன் என்று எனக்கு உறுத்தல். அவருக்கோ, நான் செட்டை நாசமாக்கிவிட்டேன் என்றுதான் உறுத்தல். "இவனை நம்பி கேபிளைக் குடுத்துட்டு வந்தேன் பாருங்க சார், அது என் தப்பு" என்று எஸ்.ஐ.யிடமே புலம்பினார். ஹாம் லைசென்ஸ், அழைப்புக் குறி, செட் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் காட்டினோம். ஹாம் அலைவரிசையில் பழைய கம்பெனி செட்டை வைத்துப் பேசினதைப் பற்றி எஸ்.ஐ. கவலைப்படவே இல்லை. "அதையெல்லாம் உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தவக பாத்துக்கிருவாக. எனக்கு அந்தம்மா வேணும். உசுரோட இருக்கா, இல்ல தண்ணிக்குள்ள கிடக்காளா, அதைச் சொல்லுங்க" என்றார்.

அவரைப் பார்த்தால் கோபக்காரராகத் தெரியவில்லை பிரியா. தூக்கமில்லாதவர் போலத் தெரிந்தார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பதிவு இருக்கிறதாம். சென்னையிலிருந்து வர வேண்டுமாம். முழுவதுமா என்று கேட்டேன். "உனக்கெதுக்குய்யா அது?" என்றார். இந்த வாயை வைத்துக்கொண்டு எங்கேயும் போகக் கூடாது.

மதுமதிக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடு.
அண்ணன்

*

திருச்சி
6 மார்ச்

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை.

உங்கள் மாப்பிள்ளை மதுமதிக்கு அங்கே பள்ளிக்கூடம் பார்த்துவிட்டார். வீடும் பெரிய வீடாம், ஏழாவது மாடி. இங்கே எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். மிளகாய் பழுத்துவிட்டதா? மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜெயப்பிரியா

*

உத்தரகோசமங்கை
10 மார்ச்

அன்புள்ள பிரியா, நலமா? மிளகாய் பழுத்துவிட்டது. பறிக்க ஆள் கிடைக்காமல் உன் மதினியே பறிக்கிறாள். நான் கூட நின்று பேச்சுக் கொடுக்கிறேன்.

பதிவு வந்துவிட்டது.

எஸ்.ஐ.யின் கம்ப்யூட்டரில் போட்டார்கள். ரைட்டர், நான், எஸ்.ஐ., அவ்வளவு பேர்தான் அறையில். முதலில் ஒரே இரைச்சல். அப்புறம் குரல்.

"பூட்டிப்புட்டுப் போற வீட்டுக்கு நான் மறுபடி வர மாட்டேன். பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வச்சுக்கிருவீக. என்னைய அங்கன கொண்டு போகாதீக. பிள்ளையையும் கொண்டு போகாதீக. நான் யார்கிட்டப் போயிச் சொல்ல, யார் நம்புவாக..."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னை மடியில் வைத்துக் காது குத்தியபோது வீரிட்ட குரல் எனக்குத் தெரியாதா? ஆனால் எஸ்.ஐ. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்க நேரமில்லை. "ஐயா, அது நான்தான்" என்றேன்.

"என்னது?"

"நாடகத்துல பொம்பளை வேசம் கட்டுனவன்யா நான். பதினாறு வேலை செய்யுதா இல்லையான்னு சோதிக்கிறதுக்குச் சும்மா ஒரு வசனம் விட்டேன்."

ரைட்டர் என் மீசையைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "அப்பப் பேசு. இதே வசனத்தை" என்றார்.

பேசினேன் பிரியா. காவல் நிலையத்தில், ஐம்பத்திரண்டு வயதில், குரலைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து. வள்ளி வேஷத்துக்குப் பிறகு இதுதான். பூட்டிப்புட்டுப் போற வீட்டுக்கு நான் வர மாட்டேன் என்றேன். பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வச்சுக்கிருவீக என்றேன். பிள்ளையையும் என்று வந்ததும் அழுதுவிட்டேன், மேலே போக முடியவில்லை. "நடிப்புன்னா இதுதான் நடிப்பு" என்று ரைட்டர் கைதட்டினார்.

எஸ்.ஐ. பதிவை நிறுத்தினார். "யோவ், ஆபத்துன்னு பொய்யாப் பேசி ஆளுகளைக் கடலுக்குள்ள அலைய விட்டா என்ன கேஸுன்னு தெரியுமா? கூதக்காத்துல விடிய விடியத் தேடியிருக்கானுக. இது நீதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்னா உள்ளதான் போவ" என்றார். போடுகிறேன் என்றேன். யோசித்து வா என்று அனுப்பிவிட்டார்.

அந்த வசனத்தை நான் ஏன் எழுத்துக்கு எழுத்து உனக்கு எழுதுகிறேன் என்று கேட்காதே.

அண்ணன்

*

உத்தரகோசமங்கை
29 மார்ச்

அன்புள்ள பிரியாவுக்கு, உடம்பு நன்றாக இருக்கிறதா? பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். அவரை நான் அவ்வளவு நச்சரித்துவிட்டேன்.

களத்தில் மிளகாய் காய்கிறது. வீடு முழுக்க நெடி. என் கண் கலங்கியிருந்தால் உன் மதினிகூடக் காரணம் கேட்பதில்லை, அந்த வசதி உண்டு.

எஸ்.ஐ. வைத்த கெடுப்படி ஏப்ரல் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, நான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நாகேந்திரன் வக்கீலைப் பார்த்தேன். பொய் அபாயச் செய்தி என்று வழக்குப் போட்டால் கொஞ்ச நாள் உள்ளே இருக்க வேண்டி வரலாம் என்றார். நான் உள்ளே போனால் இந்தப் பக்கத்து டீக்கடைகள் எல்லாம் நஷ்டமாகிவிடும், அதுதான் கவலை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் உன் கோப்பில் ஒன்றும் வராது. நற்சான்று அந்த வாரமே போய்விடும்.

அதனால் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அது போக வேண்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது, போதும்.

அண்ணன்

*

திருச்சி
3 ஏப்ரல்

அண்ணே,

நலம் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இந்த ஒரு கடிதத்தில் அதை விட்டுவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோடை லீவில் மதுமதியையும் கூட்டிக்கொண்டு மஸ்கட் போய் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பேரீச்சம்பழம்கூடக் கொண்டுவந்தேன். அந்த லீவு முழுவதும் அவர் வேலைக்குப் போகும்போது வெளியில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். பத்திரத்துக்கு என்பார். பாஸ்போர்ட்டும் அவர் பீரோவில். ஒரு நாள் மதுமதிக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கினதுதான் மிச்சம். சாயங்காலம் அவர் வந்தபின்தான் டாக்டரிடம் போனோம். அப்போதும், "கதவைத் தட்டி மானத்தை வாங்குறியா" என்றுதான் கேட்டார்.

போன் வேண்டாம் என்று நான் சொன்னது போலீஸுக்குப் பயந்து அல்ல. என் வாட்ஸ்அப் அவர் கம்ப்யூட்டரிலும் திறந்திருக்கும். யாரிடம் எவ்வளவு நேரம் பேசினேன் என்று தினமும் கணக்குக் கேட்பார்.

உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் கெட்டவர் என்பதால் அல்ல. உங்களிடம் சொன்னால் மதினிக்குத் தெரிவதற்கு முன்னால் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் நீங்கள் அதில் ஒரு சிரிப்பையும் சேர்ப்பீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பயந்தேன்.

அன்றைக்குத் தோட்டத்தில் யாருமில்லை. ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வெறுமனே பேசினால் பைத்தியம் மாதிரி இருக்கும்; கையில் ஒன்று இருந்தால் யாரிடமோ பேசுகிற மாதிரி இருக்கும். பதினாறில் பேசினால் காற்றுக்குக்கூடக் கேட்காது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நானே தேடித் திருப்பி வைத்துக்கொண்டுதான் பேசினேன். எனக்காக ஆட்கள் கடலுக்குள் போனார்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் எழுத வரவில்லை.

ஜெயப்பிரியா

*

உத்தரகோசமங்கை
6 ஏப்ரல்

அன்புள்ள பிரியா,

டீக்கடை என்று எழுதியிருந்தாய். சரியான இடத்தில் பட்டது. பட்ட இடம் இன்னும் எரிகிறது, எரியட்டும். உனக்கு ஒன்று சொல்கிறேன். பதிவைக் கேட்டு ஒரு மாசம் ஆகப்போகிறது. உன் மதினியிடம்கூட நான் மூச்சு விடவில்லை. வயிறு உப்பிப்போய்க் கிடக்கிறேன். "என்ன, பேச்சையே காணோம், உடம்புக்கு என்ன?" என்று அவள் பயந்து, நம் ஊர்க் கோயிலில் என் பேரில் அர்ச்சனையே செய்துவிட்டாள்.

கையெழுத்துப் போடாதே என்கிறாய், நீயே வந்து சொல்லிவிடுவாயோ என்று பயம். நன்றாக யோசித்துப் பார்த்தேன். நீ இங்கே வராதே. போலீஸ் வழக்கில் உன் பெயர் வந்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள். அந்தச் சம்பளமும் போனால் நீ யார் கையை எதிர்பார்த்து நிற்பாய்? வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடுகிறேன். நற்சான்று தபாலில் எங்கேயோ தொலைந்துபோனது என்று மாப்பிள்ளையிடம் நீ சொல்லிக்கொள்ளலாம். மறுபடி விண்ணப்பம், மறுபடி விசாரணை என்று ஒரு வருஷம் ஓட்டிவிடலாம். அதற்குள் ஏதாவது நடக்கும். நான் வெளியே வந்ததும் மாப்பிள்ளையிடம் நயமாகப் பேசிப் பார்க்கிறேன்.

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. திரும்பப் படித்தால் கோழைத்தனமாக இருக்கிறது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. நீ வராதே.

அண்ணன்

*

திருச்சி
11 ஏப்ரல், காலை

அண்ணன் அவர்களுக்கு ஜெயப்பிரியா எழுதுவது. இந்தக் கடிதம் வருவதற்குள் எஸ்.ஐ. உங்களிடம் பாதியைச் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன்.

நேற்று பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து நேரே காவல் நிலையத்துக்குப் போனேன். நம் வீட்டுக்கு வரவில்லை. வந்தால் நீங்கள் என்னை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, சிரிக்க வைத்து, திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

எஸ்.ஐ. தங்கப்பாண்டியின் எதிரில் நின்று, அந்தக் குரல் என்னுடையது என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோப்பை எடுத்துப் படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"மாட்டுப் பொங்கல்லருந்து இந்தக் குரலு யாரு, எங்கன கிடக்காளோன்னு தேடிக்கிட்டிருக்கேம்மா. உங்க அண்ணன் என்னடான்னா இங்கன வந்து எனக்கு நாடகம் போட்டுக் காட்டுறாரு" என்றார். "அது அவரு குரல் இல்லைன்னு அன்னைக்கே தெரியும். நடிக்கிறவன் அப்படி அழ மாட்டான். ஆனா யாரைக் காப்பாத்துறான்னுதான் தெரியல."

எல்லாவற்றையும் சொன்னேன். சேனல் விஷயம் முழுவதும் சொன்னேன், பேச முடியாது என்று நினைத்துத்தான் பேசினேன் என்றும் சொன்னேன். ரைட்டர் எழுதிக்கொண்டார். அன்று மாதிரி சிரிக்கவில்லை. நான் வேண்டுமென்றே பொய்ச் செய்தி அனுப்பவில்லை என்பதால் அந்த வழக்கு வராதாம், உங்கள் மேலும் வராதாம். எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பதினாறாவது சேனலை வைத்திருந்ததற்காக லைசென்ஸ் கொடுத்தவர்களுக்கு எழுதிவிட்டார். செட் இரண்டும் திரும்பி வராது. லைசென்ஸையும் சில மாதம் நிறுத்தி வைக்கலாமாம். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அதில் நான் குறுக்கே வர மாட்டேன். மஹ்மூது பாய் பெயர் எங்கேயும் இல்லை.

பிறகு எஸ்.ஐ. என் கோப்பைத் தட்டி, "இதுல ஒண்ணும் எழுத மாட்டேன். சான்று தயாராத்தான் இருக்கு. இன்னைக்கே அனுப்பிரவா?" என்று கேட்டார்.

அண்ணே, அந்த இடத்தில் ஒரு நிமிஷம் எனக்குக் கோபம் வந்தது. அவரே ஏதாவது எழுதி நிறுத்திவிடக் கூடாதா என்று. நிறுத்தினது போலீஸ், நான் என்ன செய்வேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் இல்லையா? நீங்கள் எழுதிய யோசனை மாதிரிதான் அதுவும்.

"அனுப்ப வேண்டாம் சார்" என்றேன்.

"என்ன காரணம்னு போட? வாயால சொல்லும்மா, நான் எழுதிக்கிறேன்."

"எனக்குப் போக விருப்பமில்ல சார்" என்றேன். அழாமல் சொன்னேன். எதிரில் ஒரு ஆள் இருக்கும்போது அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் எழுதினார், படித்துக் காட்டினார், நான் தலையாட்டினேன். வெளியே வந்து நேரே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

உங்கள் மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது. அத்தைக்கும் தெரியாது. இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவார், டிக்கெட் தேதி கேட்பார். அப்போது அவரிடம் நானே சொல்லப் போகிறேன். அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

அன்றைக்கு நீங்களும் மதினியும் இங்கே வாருங்கள். மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லியே கூட்டிக்கொண்டு வாருங்கள். போன் திரையில் அவர் பார்க்கிற மாதிரி, என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம் அண்ணே. பேசுவது நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.
தங்கை
ஜெயப்பிரியா